கெட்ட செய்தி மேலாளரிடம் எப்போது வந்து சேர்கிறது?

நன்றாக வேலை செய்கிற ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுத்து, எட்டுப் பேரை அவர் பொறுப்பில் விட்டால், முதல் நாளே அவர் ஒன்றை இழந்துவிடுகிறார். நேற்று வரை வேலையைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு அறிந்தவர், இன்றிலிருந்து அதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எந்த இயந்திரத்தில் புதிதாகச் சத்தம் வருகிறது, எந்த வாடிக்கையாளர் பொறுமை இழந்துகொண்டிருக்கிறார், எந்தக் கணக்கு இடிக்கிறது என்பதெல்லாம், தெரிந்தவர் வந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும். சொல்ல வேண்டியவருக்கோ மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது: சொன்னால் என்ன ஆகும், சொல்லாமல் விட்டால் என்ன ஆகும். அந்தத் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் மேலாளரின் அன்றாட நடத்தைதான்.

நிர்வாகத்துக்கும் தலைமைக்கும் உள்ள வேறுபாட்டைப் பயிற்சி வகுப்புகளில் நீட்டி முழக்குவார்கள். புதிதாகப் பொறுப்பேற்றவருக்கு அவ்வளவு தேவையில்லை. வேலையைப் பிரித்துக் கொடுப்பது, கெடு வைப்பது, விடுப்புக்கு ஒப்புதல் தருவது, அறிக்கை அனுப்புவது போன்றவை நிர்வாகம். இவற்றுக்கான அதிகாரம் பதவியோடு கூடவே வந்துவிடும். இவரிடம் உண்மையைச் சொல்லலாம் என்று மற்றவர்கள் நம்பும்படி நடந்துகொள்வது தலைமை. அதை எந்த நியமன ஆணையிலும் எழுதிக் கொடுக்க முடியாது. அதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கெட்ட செய்தி, அது பிறந்த இடத்திலிருந்து மேலாளரின் காதுக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மணி நேரமா, மூன்று நாளா, அல்லது வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்திய பிறகா?

என் சொந்த அனுபவத்தில் அந்தக் கணக்கு இரண்டரை நாள். திருப்பூரில் ஓர் ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் உற்பத்திப் பொறுப்பில் இருந்தபோது, செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொண்ட அக்காவிடம் தினமும் மாலையில் "எப்படிப் போகுதுங்க?" என்று கேட்டுவிட்டுப் போவேன். "போயிட்டிருக்குதுங்க சார்" என்பார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அதே பதில். வியாழன் இரவு பத்து மணிக்கு, அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, கட்டிங்கில் இரண்டு சாய லாட் துணிகள் கலந்துபோய், அறுநூறு சட்டைகளில் கை ஒரு ஷேடு வெளுப்பாக இருக்கிறது என்று. லாரி மறுநாள் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். அந்த அக்காவுக்குச் செவ்வாய் மதியமே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டிருந்தவர், பிறகு மெதுவாக, "போன மாசம் கட்டிங் மாஸ்டர் துணி பத்தலைன்னு சொன்னப்ப நீங்க ஃபைலைத் தூக்கி வீசுனீங்கல்ல சார்" என்றார். நான் அதை மறந்தே போயிருந்தேன். என்னைத் தவிர அந்தத் தளத்தில் இருந்த வேறு யாரும் மறக்கவில்லை.

கெட்ட செய்தி வந்த முதல் சில நொடிகளில் மேலாளரின் முகமும் குரலும் எப்படி இருக்கின்றன என்பதைப் பழகிக்கொள்ள வேண்டிய முதல் பழக்கமாகச் சொல்லுவதற்கு இதுவே காரணம். இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஃபோர்டு கார் நிறுவனத்தில் நடந்தது. 2006 செப்டம்பரில் போயிங்கிலிருந்து ஆலன் முலாலி அங்கே தலைமைச் செயல் அதிகாரியாக வந்தபோது, நிறுவனம் அந்த ஓர் ஆண்டில் மட்டும் 1,200 கோடி டாலருக்கு மேல் நட்டமடையும் நிலையில் இருந்தது. அவர் வியாழக்கிழமைதோறும் உயர் அதிகாரிகள் அனைவரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்து, ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ள வேலைகளை நிறத்தால் காட்ட வேண்டும் என்றார்: திட்டப்படி நடந்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், சிக்கலில் மாட்டிக்கொண்டால் சிவப்பு. ஆரம்ப வாரங்களில் எல்லாருடைய தாள்களும் பச்சைப் பசேலென்று வந்தன. இவ்வளவு பணத்தை இழக்கிற நிறுவனத்தில் சரியாக நடக்காதது ஒன்றுகூட இல்லையா என்று முலாலி கேட்க வேண்டியிருந்தது. பிறகொரு வியாழக்கிழமை, அமெரிக்கக் கண்டங்களின் பிரிவைக் கவனித்த மார்க் ஃபீல்ட்ஸ், எட்ஜ் என்ற புதிய காரில் கோளாறு தெரிந்ததால் அதன் வெளியீட்டை நிறுத்திவைத்திருப்பதாகச் சிவப்பு நிறத்தில் காட்டினார். அவர் வேலை போயிற்று என்றே அறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார், இவருக்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். அடுத்து வந்த வாரங்களில் மற்றவர்களின் தாள்களிலும் சிவப்பும் மஞ்சளும் எட்டிப் பார்த்தன. 2014-இல் முலாலி விலகியபோது அவருடைய நாற்காலியில் அமர்ந்தவர் அதே மார்க் ஃபீல்ட்ஸ்தான்.

அந்தக் கைதட்டல்தான் ஃபோர்டைக் காப்பாற்றியது என்று மேடைகளில் சொல்வது மிகை. 2006 இறுதியில் சொத்துகளை அடகு வைத்து நிறுவனம் திரட்டிய 2,300 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகைதான் அடுத்து வந்த பொருளாதார நெருக்கடியில் அதைத் தாங்கிப் பிடித்தது. அப்படியொரு கையிருப்பு இல்லாத ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் 2009-இல் திவால் மனு கொடுத்தன. ஆனால் கடன் வாங்கிய பணத்தை எந்த ஓட்டையை அடைக்கச் செலவிடுவது என்று முடிவு செய்வதற்கு, ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்று மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சொல்லியாக வேண்டுமே.

எல்லாரும் கைதட்ட வேண்டியதில்லை. நம் ஊரில் அப்படிச் செய்தால் கிண்டல் என்றுகூட நினைத்துவிடுவார்கள். கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொண்டால் போதும். பெரும்பாலான மேலாளர்களின் வாயில் முதலில் வருவது "யாரு பண்ணது?" என்பது, அடுத்தது "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்பது. இரண்டுமே நடந்துபோனதைப் பற்றிய கேள்விகள், இரண்டுக்கும் பதில் தற்காப்புதான். "சொன்னது நல்லதாப் போச்சு, இப்ப உடனே என்ன தேவை?" என்று தொடங்கி, சேதத்தைக் கட்டுப்படுத்திய பிறகு "எப்படி ஆச்சு?" என்று கேட்டால், "யார்" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வேலையே இருக்காது, சம்பந்தப்பட்டவரே சொல்லிவிடுவார்.

வழக்கமாகக் கேட்கும் கேள்வியையும் சற்று மாற்ற வேண்டும். "எப்படிப் போகுது?" என்பது நலம் விசாரிப்பு, அதற்கு நலம் என்ற பதில்தான் வரும். நம் அலுவலகங்களில் "போயிட்டிருக்கு", "முடிஞ்சிரும் சார்", "பாத்துக்கலாம்", "கிட்டத்தட்ட முடிஞ்சது" என்ற நான்கு சொல்லாட்சிகளும் மரியாதையின் பொருட்டு மெத்தையில் சுற்றித் தரப்படும் கெட்ட செய்திகள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அவற்றைக் கேட்டவுடன் சீறாமல், "இதுல எந்த இடம் உங்களுக்குக் கொஞ்சம் சந்தேகமா இருக்கு?" என்றோ, "வெள்ளிக்கிழமை முடியாமப் போச்சுன்னா எதனால போகும்?" என்றோ கேட்டால், சிக்கல் இருப்பதை ஒப்புக்கொள்வது தோல்வியாகத் தோன்றாது; கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதாக ஆகிவிடும். இந்தச் சிறிய மாற்றத்தைச் செய்து பார்த்தவர்கள், பதிலின் நீளம் கூடுவதை ஒரு வாரத்திலேயே கவனிக்கலாம்.

சந்தேகத்தைச் சொல்ல வருபவரிடம் உடனே ஆதாரம் கேட்பது இன்னொரு கெட்ட பழக்கம். அதன் விலை எவ்வளவு பெரியதாகலாம் என்பதற்குக் கொலம்பியா விண்ணோடமே சாட்சி. 2003 ஜனவரி 16 அன்று அது புறப்பட்ட ஏறத்தாழ 82 வினாடிகளில், வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக்காப்புத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. காணொளியில் அதைப் பார்த்த நாசா பொறியாளர்கள், சேதத்தை அறிய, சுற்றிவந்துகொண்டிருந்த ஓடத்தை அதற்கான கருவிகளைக் கொண்டு படமெடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். கோரிக்கை மேல்மட்டத்தில் கைவிடப்பட்டது. அது தவறு என்று அழுத்தமாக எழுதிய ஒரு பொறியாளர், அந்த மின்னஞ்சலை உடன் வேலை செய்தவரிடம் காட்டினாரே தவிர மேலே அனுப்பவில்லை. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் ஓடம் சிதைந்து, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் இறந்தார்கள். விபத்தை விசாரித்த குழு சுட்டிக்காட்டியவற்றுள் ஒன்று இங்கே முக்கியம்: ஓடம் பாதுகாப்பாக இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டிய இடத்தில், பாதுகாப்பாக இல்லை என்று நிரூபிக்கும் சுமை பொறியாளர்களின் தலையில் ஏற்றப்பட்டிருந்தது. படம் எடுத்தால்தான் ஆதாரம் கிடைக்கும். ஆதாரம் இருந்தால்தான் படம் எடுப்பார்கள். இதே முடிச்சு, உயிர்ச்சேதம் இல்லாத அளவில், சாதாரண அலுவலகங்களில் ஒவ்வொரு நாளும் விழுகிறது.

இப்படிப் பேசலாம், கேட்கலாம், தெரியாது என்று சொல்லலாம், அதற்காக அவமானப்பட வேண்டியிராது என்று ஒரு குழுவில் உள்ளவர்கள் பொதுவாக நம்புவதற்கு உளவியல் பாதுகாப்பு என்று பெயர். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் இந்தக் கருத்தை 1999-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விரிவாக வைத்தார். அதற்கு முன்பு மருத்துவமனைச் செவிலியர் குழுக்களிடம் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை அவர் ஆராய்ந்தபோது கிடைத்த முடிவு அவரையே திகைக்கவைத்தது. நன்றாக நடத்தப்படும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்; பதிவேட்டிலோ அங்கேதான் தவறுகள் அதிகமாக இருந்தன. நெருங்கிப் பார்த்தபோது, அந்தக் குழுக்களில் தவறுகளை வெளிப்படையாகச் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பது விளங்கியது. ஆகவே, தம் பிரிவிலிருந்து ஒரு புகாரும் ஒரு பிழையும் மேலே வருவதில்லை என்று பெருமைப்படும் மேலாளர், அந்தப் பெருமையைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, பிழை இல்லையா அல்லது பிழை வரும் வழி அடைபட்டிருக்கிறதா என்று யோசிப்பது நல்லது.

அந்த வழியை அடைப்பவற்றில் பலரும் கவனிக்காத ஒன்று மேலாளரின் மனநிலை ஏற்ற இறக்கம். "சார் இன்னைக்கு எப்படி இருக்கார்?" என்று அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் அலுவலக உதவியாளரிடம் கேட்டுவிட்டு உள்ளே நுழையும் வழக்கம் எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ, அங்கே செய்திகள் அவசரத்தைப் பொறுத்துப் போவதில்லை, நல்ல நேரம் பார்த்துப் போகின்றன. எப்போதும் கண்டிப்பாக இருப்பவரோடுகூடப் பழகிவிடலாம், எங்கே கோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும். திங்கட்கிழமை தோளில் கைபோட்டுப் பேசிவிட்டு வியாழக்கிழமை அதே தவற்றுக்குக் கடித்துக் குதறுபவரிடம்தான் யாரும் எதையும் சொல்லத் துணிவதில்லை. வீட்டில் தூக்கம் கெட்ட நாளில், "இன்னைக்கு நான் கொஞ்சம் எரிச்சல்ல இருக்கேன், அது உங்களால இல்ல" என்று காலையிலேயே சொல்லிவிடும் மேலாளர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய குழுவில் இருப்பவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், ஆனால் அவரிடம் எதையும் மறைப்பதில்லை.

செய்தி தானே வரட்டும் என்று காத்திராமல், அது பிறக்கும் இடத்துக்குப் போவது அடுத்த பழக்கம். ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் இது வெறும் அறிவுரையாக நில்லாமல் வேலை முறையாகவே இருக்கிறது. உற்பத்தி வரிசையில் கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம், அல்லது கயிற்றுக்குப் பதிலாக வைத்த பொத்தானை அழுத்தலாம். உடனே விளக்கு எரியும், குழுத் தலைவர் அந்த இடத்துக்கு வருவார், குறித்த எல்லைக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் வரிசை நிற்கும். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய ஆலையை, 1984-இல் டொயோட்டா அதே நிறுவனத்தோடு கூட்டாகத் திறந்தபோது, வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய ஆலையின் தொழிலாளர்களே. பழைய நிர்வாகத்தில், என்ன ஆனாலும் வரிசை நிற்கக் கூடாது என்பதுதான் விதி. கதவு சரியாகப் பொருந்தாத காரும் அப்படியே நகர்ந்து கடைசியில் பழுதுபார்ப்புக்குப் போகும். வேலைக்கு வராமை, தகராறு, மோசமான தரம் என்று பெயரெடுத்த அதே ஆட்கள், கயிற்றை இழுத்தால் திட்டு விழாது, ஆள் உதவிக்கு வரும் என்று கண்ட பிறகு, சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் தரமான கார்களில் சேரும் கார்களைச் செய்துகொடுத்தார்கள். மாறியது ஆட்கள் இல்லை, கயிற்றை இழுத்தபின் அவர்களுக்கு நேர்ந்தது.

நேரில் போவதில் ஒரு கண்ணி உண்டு. ஏதாவது கெட்டுப்போனால் மட்டும் மேலாளர் தளத்துக்கு வந்தால், அவர் வருகை போலீஸ் ஜீப் தெருவில் நுழைவது போல ஆகிவிடும். எதுவும் நடக்காத நாளில், கையில் குறிப்பேடு இல்லாமல், கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, இரண்டு கேள்வி கேட்டு, குறை சொல்லாமல் திரும்பி வந்தால்தான் காட்சிக்கு எளியவர் என்ற பெயர் கிடைக்கும். வீட்டிலிருந்து வேலை செய்யும் குழுக்களுக்கும் இது பொருந்தும். அங்கே தளம் என்பது வாடிக்கையாளரின் புகார் வரிசையோ, தொலைபேசி அழைப்பின் பதிவோ ஆக இருக்கலாம்.

ஒவ்வொருவரோடும் தனித்தனியாக, வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் பேசுவதைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவ், அந்தச் சந்திப்பு கீழே வேலை செய்பவருக்குச் சொந்தமானது, என்ன பேசுவது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியவர். வேலை அதிகம் என்று அந்த அரைமணி நேரத்தை மூன்று முறை தள்ளிப்போட்டால், நான்காவது முறை அவர் கொண்டுவருவதற்கு ஒன்றும் இருக்காது. அவ்வளவுதான்.

மனப்பாங்கு என்று எடுத்துக்கொண்டால், பழியை மேலே ஏற்றுக்கொண்டு பெருமையைக் கீழே இறக்குவது எல்லாவற்றிலும் கடினமானது. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்ததையும், திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாமை முன்னே நிறுத்தாமல் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே பத்திரிகையாளர்களைச் சந்தித்ததையும், 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது கலாமையே பேசச் சொன்னதையும் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அதில் பலர் தாண்டிப் போகும் பகுதி ஒன்று இருக்கிறது. ஏவும் முன் கணினி நிறுத்தச் சொல்லி எச்சரித்தது என்பதையும், நிபுணர்களோடு பேசி அதை மீறி ஏவ முடிவெடுத்தது தாமே என்பதையும் கலாம் அதே கதையில் மறைக்காமல் சொல்வார். தோல்வியின் சுமையைத் தலைவர் தூக்கிக்கொண்டதால்தான், தம் முடிவின் தவற்றைக் கலாமால் கூச்சமின்றிப் பேச முடிந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். அடுத்த ராக்கெட்டைச் சரியாகச் செய்ய அந்தப் பேச்சு வேண்டும். தலைவர் பழியைக் கீழே தள்ளியிருந்தால், கீழே இருந்தவர் அதை இன்னும் கீழே தள்ளியிருப்பார். கோளாறு எங்கே என்பது கடைசிவரை தெரிந்திருக்காது.

வேலையைக் கொடுத்துவிட்டுக் கையை எடுக்கத் தெரியாதது இன்னொரு நோய். இதில் சிக்குபவர்கள் பெரும்பாலும் வேலை தெரிந்தவர்களே. கூகுள் நிறுவனம் 2002-இல் பொறியாளர்களுக்கு மேலாளர்களே வேண்டாம் என்று சோதனை செய்து பார்த்தது. செலவுக் கணக்குக்கும் சின்னத் தகராறுக்கும் நிறுவனர் லாரி பேஜிடமே ஆட்கள் வந்து நின்றதால் சில மாதங்களில் அதைக் கைவிட்டது. பிறகு, நல்ல மேலாளர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று தன் பணியாளர்களின் கருத்துகளையும் மதிப்பீடுகளையும் அலசியபோது எட்டு நடத்தைகள் தெரிந்தன. முதலிடத்தில் இருந்தது நல்ல பயிற்சியாளராக இருப்பது. அடுத்தது எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்காமல் பொறுப்பை ஒப்படைப்பது. குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அளவு தொழில்நுட்ப அறிவு எட்டாவதாகத்தான் வந்தது. ஒப்படைப்பது என்றால் கண்டுகொள்ளாமல் விடுவதல்ல. எதை அவரே முடிவு செய்யலாம், எதைச் செய்துவிட்டுச் சொன்னால் போதும், எதைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று மூன்று எல்லைகளை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எல்லை தெரியாதவர் எல்லாவற்றையும் கேட்பார், அல்லது எதையுமே கேட்கமாட்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் யாரையும் எதுவும் சொல்லக் கூடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும். தெரியாமல் செய்த பிழை, தெரிந்தே விதியை மீறியது, நடந்ததை மறைத்தது ஆகிய மூன்றுக்கும் ஒரே எதிர்வினை காட்டுவதுதான் தவறு. முதலாவதற்குப் பயிற்சியும், இரண்டாவதற்குத் தனியே கண்டிப்பும், மூன்றாவதற்கு எல்லாவற்றையும்விடக் கடுமையும் பொருந்தும். பிழைக்கும் மறைப்புக்கும் ஒரே தண்டனை கிடைக்கும் இடத்தில், மறைத்தால் தப்பிக்கவாவது வாய்ப்புண்டு என்று கணக்குப் போடுகிறவரைக் குறை சொல்ல முடியாது.

புதிதாகப் பொறுப்பேற்றவர் இந்தப் பழக்கங்களைத் தொடங்கியவுடன் பெரிய செய்திகள் வந்து குவியும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார். பழைய மேலாளரிடம் பட்ட அனுபவம் ஆட்களின் மனத்தில் இருக்கும். பல வாரங்கள் எதுவும் வராது. பிறகு ஒருநாள் மிகச் சின்னச் செய்தி ஒன்று வரும். "சார், நூல் ஸ்டாக் தீர்றதை நேத்தே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன்" என்று ஒருவர் கதவோரம் வந்து நிற்பார். நூல் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். அதற்காக அவர் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்க வேண்டியதில்லை. அவருக்குப் பின்னால் நான்கு பேர் தைப்பதை நிறுத்தாமல், காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பார்கள்.